பக்கத்துக் காம்பராவுக்குப் போகும் சேதி
(வாசகர் கேள்விகளுக்கு உயிரியல் டீச்சரின் பதில்கள்)

கேள்வி: டீச்சர், நான் உயர்தரம் இரண்டாம் வருஷம், உயிரியல். ஜீ புரதத்தில் அல்பா பிரிந்து போய் நொதியத்தைத் தூண்டும் என்று நோட்டில் இருக்கிறது. ஆனால் வேறொரு புத்தகத்தில், ஜீ புரதம் பொற்றாசியக் கால்வாயைத் திறந்து இதயத்தை மெதுவாக்கும் என்று ஒரேயொரு வரி பார்த்தேன். எது திறக்கிறது, எப்படித் திறக்கிறது? அந்தக் கால்வாய்க்கு ‘உள்நோக்கிச் சீராக்கும் கால்வாய்’ என்று பெயராம். பொற்றாசியம் கலத்துக்கு வெளியே அல்லவா போகும்? டியூசன் சேரிடம் கேட்டேன். சோதனைக்கு வராது, விட்டுவிடு என்றார்.
- மாணவி, தலவாக்கலை

பதில்: விடாதே மகள். சோதனைக்கு வராத கேள்வியை ஒரு பிள்ளை கடிதத்தில் எழுதிக் கேட்டிருக்கிறாள். இந்த மாதம் பக்கத்தில் பாதி உனக்குத்தான்.

முதலில் இஸ்தோப்பில் உட்கார். வலது கை விரல் இரண்டை இடது மணிக்கட்டில் வைத்து நாடியைப் பிடி. ஐந்து எண்ணும் வரை மெதுவாக மூச்சை இழு, ஐந்து எண்ணும் வரை மெதுவாக விடு. நாலைந்து தரம் செய்தால் தெரியும்: இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்கி வரும், விடும்போது விலகிப் போகும். நோயில்லை, பயப்படாதே. உன் வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சு விடும்போது இறுக்கிப் பிடிக்கிறது, இழுக்கும்போது தளர்த்துகிறது. அந்தப் பிடியில் பெரிய பங்கு நீ கேட்ட கால்வாயுடையது, அதாவது கலத்தின் சவ்வில் பொற்றாசியம் போகும் கதவுடையது. அந்தக் கால்வாயின் ஒரு பகுதியை உண்டாக்கும் பரம்பரையலகை எடுத்துவிட்ட எலிகளில், வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும் வலு ஏறத்தாழ அரைவாசியாகிவிட்டது.

வேகஸ் என்ன செய்கிறது என்பதை முதலில் காட்டியவர் ஒட்டோ லேவி. 1921இல், ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில். இரண்டு தவளை இதயங்களை உப்பு நீரில் துடிக்கவிட்டார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து மற்ற இதயத்துக்கு விட்டார். நரம்பே தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்பு மின்சாரத்தால் அல்ல, ஒரு பொருளைச் சுரந்து பேசுகிறது என்று அப்போதுதான் நிலைநாட்டப்பட்டது. அந்தப் பொருள் அசற்றைல்கோலின். 1936இல் ஹென்றி டேலுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அசற்றைல்கோலின் இதயக் கலத்தின் வெளிப்பக்கம் வந்து நிற்கிறது. உள்ளே எப்படிச் சேதி போகிறது?

நம் லயத்துக் காம்பராக்களை நினைத்துக்கொள். பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தக் காம்பராவில் பிள்ளை இருமினால் அந்தக் காம்பரா ஆச்சிக்குக் கேட்கும். ஒரு பிடி உப்பு வேண்டுமென்றால் சுவருக்கு மேலாலேயே கேட்கலாம், மேலாலேயே வாங்கலாம். அதுவே கூரைத் தகரம் மாற்ற வேண்டுமென்றால் கங்காணியிடம் சொல்லி, கணக்கப்பிள்ளை எழுதி, ஆபீசுக்குப் போய், துரை கையெழுத்து வைத்து, ஸ்டோரிலிருந்து ஆள் வர வேண்டும். உன் நோட்டில் இருப்பது இந்த இரண்டாவது வழி. அட்ரினலின் வந்தால் அல்பா போய் நொதியத்தைத் தட்டும், நொதியம் சைக்கிளிக் ஏ.எம்.பீ. என்ற தூதுவனைச் செய்யும், அது இன்னொரு நொதியத்தைத் தட்டும், அது போய்க் கால்வாய்களைத் தொடும். சேதி போகப் போகப் பெருகும், ஆனால் செக்கன்கள் எடுக்கும். வேகஸ் நரம்பின் இந்தச் சேதி சுவருக்கு மேலாலே போகிறது. அடுத்த துடிப்பிலேயே வித்தியாசம் தெரியும் அளவுக்கு வேகம்.

இது நான் அழகுக்காகச் சொல்லும் உவமையல்ல, சோதித்துப் பார்த்த விஷயம். 1984இல் சோஜிமா, நோமா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியை இதய மேலறைக் கலத்தின் மென்சவ்வில் ஒட்டவைத்தார்கள். நுனிக்குள் அகப்பட்ட துளியளவு சவ்வில் இருக்கும் கால்வாய்களின் மின்னோட்டத்தை மட்டும் அளக்கலாம். குழாய்க்கு வெளியே, கலத்தைச் சுற்றி அசற்றைல்கோலினை விட்டால் நுனிக்குள் இருந்த கால்வாய்கள் திறக்கவில்லை. குழாய்க்கு உள்ளே விட்டால் திறந்தன. கலத்தின் உள்ளே கரைந்து நீந்திப் போகும் தூதுவன் இருந்தால், வெளியே விட்டதும் நுனிக்குள் எட்டியிருக்க வேண்டும். எட்டவில்லை. அப்படியானால் சேதி சவ்வோடு சவ்வாக, பக்கத்திலிருக்கும் கால்வாய்க்குத்தான் போகிறது.

அடுத்த வருஷம் இன்னொரு துப்பு. குக்கல் இருமலை உண்டாக்கும் கிருமியின் நஞ்சு ஒன்று இருக்கிறது, ஜீ புரதத்தில் ‘ஜீ.ஐ.’ என்ற வகையைப் பிடித்து, வாங்கியின் (சவ்வில் நின்று வெளிச் சேதியைப் பிடிக்கும் புரதத்தின்) பேச்சைக் கேட்க முடியாமல் செய்துவிடும். அந்த நஞ்சு பட்ட இதயக் கலங்களில் அசற்றைல்கோலின் எவ்வளவு விட்டும் கால்வாய் திறக்கவில்லை. ஆக, வாங்கிக்கும் கால்வாய்க்கும் நடுவில் நின்று சேதியைக் கடத்துவது ஜீ புரதம். (தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸிடம் போட்ட முக்கூட்டு ஊசியில் ஒன்று இந்தக் குக்கலுக்குத்தான்.)

இப்போது உன் முதல் கேள்வி, எது திறக்கிறது.

ஜீ புரதம் மூன்று துண்டு: அல்பா, பீற்றா, காமா. பீற்றாவும் காமாவும் பிரியவே மாட்டா, எப்போதும் சோடி. சும்மா இருக்கும்போது அல்பா, ஜீ.டீ.பீ. என்ற சிறு மூலக்கூறை மடியில் வைத்துக்கொண்டு இந்தச் சோடியை அணைத்தபடி இருக்கும். அசற்றைல்கோலின் எம்2 என்ற வாங்கியில் உட்கார்ந்ததும் வாங்கி உள்ளே கொஞ்சம் வளைகிறது, அல்பாவின் மடியிலிருந்து ஜீ.டீ.பீ. விழுகிறது, அந்த இடத்தில் ஜீ.ரீ.பீ. ஏறுகிறது. அல்பாவின் பிடி தளர, பீற்றா-காமா சோடி விடுபடுகிறது.

கரும்பலகையில் இந்தப் படத்தை நான் 31 வருஷம் வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அல்பாவுக்கு அம்புக்குறி போட்டு, இதுதான் வேலை செய்யும் துண்டு என்று சொல்லி, பீற்றா-காமாவை ஓரத்தில் விட்டுவிட்டேன். அந்தப் படத்தைக் கீறிக்கொண்டு போன பிள்ளைகளில் சிலர் இன்று டொக்டர்கள், சிலர் டீச்சர்மார். அவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்தக் கால்வாயைத் திறப்பது பீற்றா-காமா. அல்பா அல்ல.

ஆராய்ச்சியாளர்களும் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. 1987இல் டேவிட் கிளப்பம், ஈவா நீர் ஆகியோர் இருந்த அமெரிக்கக் குழு, தூய்மையாக்கிய பீற்றா-காமாவைச் சவ்வுத் துண்டின் உட்பக்கத்தில் விட்டபோது கால்வாய் திறந்ததைக் காட்டியது. இல்லை, அல்பாதான் என்று இன்னொரு குழு தன் சோதனைகளை வைத்து வாதாடியது. பல வருஷம் இழுபட்ட பிறகு பீற்றா-காமாவின் பக்கமே தீர்ந்தது. 2013இல் உவோர்ட்டன், மக்கின்னன் இருவரும் எக்ஸ்-கதிர் மூலம் அதே குடும்பத்துக் கால்வாய் ஒன்றும் பீற்றா-காமாவும் ஒட்டியிருக்கும் நிலையையே படமாக்கிவிட்டார்கள். கால்வாய் நாலு துண்டு சேர்ந்து ஆனது. நாலு பக்கத்திலும் ஒவ்வொரு சோடி பீற்றா-காமா வந்து ஒட்டி, கலத்துக்குள் தொங்கும் அடிப்பாகத்தைச் சற்றே திருகுகின்றது. அந்தத் திருகலில் உள்வாசல் திறக்கத் தயாராகிறது. சவ்வின் உட்புறத்தில் இருக்கும் பிப்2 என்ற கொழுப்பும் கால்வாயைப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பீற்றா-காமா வந்தும் பலனில்லை. இந்தக் கால்வாய்க் குடும்பத்துக்கு ‘கேர்க்’ என்று பெயர். இதய மேலறையில் இருப்பது கேர்க்1, கேர்க்4 கலந்து ஆனது. மூளையில் கேர்க்2 அதிகம்.

அல்பா சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடாதே. அது மற்றப் பக்கம் போய், சைக்கிளிக் ஏ.எம்.பீ. செய்யும் நொதியத்தை அடக்குகிறது. எலியில் மிச்சம் இருந்த அரைவாசிக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, பொற்றாசியம் ஏன் வெளியே போகிறது, போனால் ஏன் இதயம் மெதுவாகிறது. கலத்துக்குள் பொற்றாசியம் லீற்றருக்கு 140 மில்லிமூல் அளவில், வெளியே 4 அளவில். கதவு திறந்தால் நெருக்கடியான பக்கத்திலிருந்து வெளியேறத்தான் பார்க்கும். நேர் ஏற்றத்தைச் சுமந்துகொண்டு போவதால் உட்பக்கம் மேலும் எதிர் ஏற்றமாகிறது. இந்த இழுப்பு நிற்கும் இடம் ஏறத்தாழ −90 மில்லிவோல்ட். தாளம் பிறக்கும் எஸ்.ஏ. கணுவின் கலம் ஒவ்வொரு துடிப்புக்கும் −60 அளவிலிருந்து தானாக ஏறி −40 அளவை எட்டியதும் சுடும், அதாவது மின் துடிப்பை விடும். நம் ஊரில் கொழுந்துக் கூடையோடு மலையேறுகிற மாதிரி அது ஓர் ஏற்றம். கேர்க் திறந்தால் புறப்படும் இடமும் கீழே இறங்குகிறது, ஏறும்போது பின்னாலிருந்து இழுக்கவும் செய்கிறது. உச்சிக்கு வரக் கூடுதல் நேரம். அவ்வளவுதான் ‘மெதுவாதல்’. நரம்பின் பிடியே இல்லாத இதயம் நிமிஷத்துக்கு 100 அளவில் துடிக்கும். உனக்கு இப்போது 70 என்றால், அந்த வித்தியாசம் வேகஸ் பிடித்திருக்கும் பிடி. லயத்திலிருந்து மேல்ரோட்டுக்குப் படியேறும்போது முதலில் நடப்பதும் இந்தப் பிடி தளர்வதுதான், அட்ரினலின் பிறகுதான் வருகிறது.

‘உள்நோக்கி’ என்ற பெயர் ஏன்? நல்ல இடத்தில் நின்று கேட்டிருக்கிறாய். ஆய்வுகூடத்தில் கலத்தை −90க்கும் கீழே வலிந்து தள்ளினால் பொற்றாசியம் இந்தக் கால்வாயால் தாராளமாக உள்ளே வரும். அதே அளவு மேலே தள்ளினால் கொஞ்சம்தான் வெளியே போகும். உள்ளே லேசு, வெளியே கஷ்டம், அதனால் அந்தப் பெயர். ஆனால் உயிருள்ள உடம்பில் கலம் −90க்குக் கீழே போவதே இல்லை, ஆகவே நடைமுறையில் அந்தக் ‘கொஞ்சம் வெளியே’தான் நடக்கிறது. ஏன் கஷ்டம் என்றால், கலத்துக்குள் இருக்கும் மக்னீசியமும் ஸ்பேர்மின் போன்ற நேர் ஏற்றப் பொருள்களும் உட்பக்கத்திலிருந்து துவாரத்தில் தக்கை போல வந்து அடைக்கின்றன. கலம் சுட்டு நேர்ப்பக்கம் ஏறும்போது தக்கை இறுக அடைக்கும், பொற்றாசியம் வீணாகப் போகாது. ஓய்வுக்கு இறங்கும்போது தக்கை தளரும். கலம் சுடும் வேளையில் குறுக்கே நிற்காமல், அடுத்த சுடுகைக்கு ஏறும் வேளையில் மட்டும் பின்னால் இழுக்கும் கதவு இது. எனக்கு இந்தக் கால்வாயில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

மூடுவது எப்படி? அல்பா தன் மடியிலிருக்கும் ஜீ.ரீ.பீ.யைத் தானே உடைத்து ஜீ.டீ.பீ. ஆக்கும். உடனே பழையபடி பீற்றா-காமாவைத் தேடி அணைக்கும். அல்பாவைத் தனியே விட்டால் இதற்குப் பல செக்கன்கள் ஆகும். ஆர்.ஜீ.எஸ். என்ற துணைப் புரதங்கள் பக்கத்தில் நின்று விரைவுபடுத்துகின்றன. அதனால்தான் உன் நாடி ஒவ்வொரு மூச்சுக்கும் மாற முடிகிறது.

கேள்வி: தோட்ட வேலைக்குப் பிறகு மரக்கறித் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறேன். மருந்து உடம்பில் ஏறினால் ஊமத்தைச் சாறு கொடுத்தால் முறியும் என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் போடும் ஊசியும் ஊமத்தையிலிருந்து எடுத்ததுதான் என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், கந்தப்பளை

பதில்: தம்பி, பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் ஆட்கள் சாகிறார்கள். ஆறுதலாக வாசியுங்கள்.

எனக்கு ஒன்பது வயது. அப்பா பின்னேரங்களில் ஆற்றோரம் உருளைக்கிழங்குப் பாத்தி வைத்திருந்தார். ஒரு நாள் பீப்பாயில் மருந்தைக் கையால் கலக்கி, எதிர்க்காற்றில் நின்று அடித்துவிட்டு வந்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்தவருக்கு வாயிலிருந்து எச்சில் வடிந்தது, சட்டை வேர்வையில் ஊறிவிட்டது, மார்பு கரகரவென்றது. லாம்பைத் தூக்கி அம்மா முகத்தைப் பார்த்தாள். கண்மணி இரண்டும் கடுகு போலச் சுருங்கியிருந்தன. கொழுந்து லொறியில் போட்டுத்தான் கொண்டுபோனோம். வழியில் டிஸ்பென்சர் ஐயா என் விரலை எடுத்து அப்பாவின் மணிக்கட்டில் வைத்து, “எண்ணிக்கிட்டே வா பிள்ளை, நிறுத்தாதே” என்றார். தன் மணிக்கூட்டைப் பார்த்து அவர் நிமிஷம் சொல்லச் சொல்ல நான் எண்ணினேன். நாற்பதைத் தாண்டவில்லை.

அன்றைக்கு அப்பாவின் இதயத்தில் நடந்ததுதான் மேலே அந்தப் பிள்ளைக்கு எழுதியது. அசற்றைல்கோலின் தன் வேலை முடிந்ததும் ஒரு நொதியத்தால் உடைக்கப்பட வேண்டும். ஒகனோபொஸ்பேற் வகை மருந்துகள் அந்த நொதியத்தைக் கட்டிப்போடும். அசற்றைல்கோலின் உடையாமல் தேங்கும், வாங்கியிலிருந்து இறங்காது, பீற்றா-காமா விடுபட்டபடியே இருக்கும், பொற்றாசியக் கதவு மூடாது. எச்சில், வேர்வை, சளி, கண்மணி எல்லாம் அதே அசற்றைல்கோலின் வேறு வாங்கிகளில் செய்யும் வேலை. சிலருக்கு நாடி மெதுவாகாமல் வேகமாகவும் போகும். ஆகவே ‘நாடி நன்றாக ஓடுகிறது’ என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

ஊசியின் பெயர் அத்திரோபின். அது வாங்கியில் அசற்றைல்கோலின் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, தான் எதையும் செய்யாமல் இருக்கும். கதவு மூடும், இதயம் ஏறும். ஊமத்தையில் அத்திரோபின் இருப்பது உண்மைதான். நுவரெலியா ரோட்டோரம் மரம் போல வளர்ந்து வெள்ளையும் மஞ்சளுமாகத் தலைகீழாய்ப் பூத்தொங்குகிறதே, அந்த இனத்திலும் இதே வகை நஞ்சுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு செடியில் இருக்கும் அளவு இன்னொன்றில் இல்லை, இலையில் இருப்பது விதையில் இல்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர்கள் சில நிமிஷத்துக்கொருமுறை மார்பைக் கேட்டு, கரகரப்பு அடங்கி, நாடி 80ஐத் தாண்டும் வரை அளந்து அளந்து ஏற்றுவார்கள். கூடினால் காய்ச்சல், பிதற்றல், உயிராபத்து. அப்பாவுக்கே இரண்டாம் நாள் வாய் வறண்டு, இல்லாத கொழுந்தைப் போர்வையில் கிள்ளிக்கொண்டிருந்தார். மருந்தைக் குறைத்ததும் தெளிந்தார். அதோடு, நினைவில்லாதவர் வாயில் சாறு ஊற்றினால் அது சுவாசப்பையில்தான் இறங்கும்.

ஆகவே, சட்டையைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவி, மருந்துப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. கழுவுபவர் கையுறை போட வேண்டும், இல்லாவிட்டால் ஷொப்பிங் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். ஊமத்தை வேண்டாம்.

இந்த நாட்டில் மிகக் கொடிய வகை ஒகனோபொஸ்பேற்றுகள் 1995க்குள் நிறுத்தப்பட்டன. டைமெதோவேற், பென்தியோன் இரண்டும், வேறு வகையான பரகுவாற்றும் 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டன. சாவுகள் பெருமளவில் குறைந்தன. பழைய போத்தல் யார் வீட்டு அட்டாளையிலாவது கிடந்தால் எடுத்துப் பாவிக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, நாடி 190 என்றார்கள். வாட்டில் ஓர் ஊசி போட்டதும் ஈ.சி.ஜி. திரையில் கோடு சில செக்கன் நேராகப் போனது. அம்மா “நான் போறேன்டி” என்று என் கையைப் பிடித்தாள். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. இன்னும் எனக்கு நடுக்கம் போகவில்லை. அது என்ன ஊசி?
- வாசகி, அட்டன்

பதில்: பாவம், நீங்களும் அம்மாவும் பயந்திருப்பீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அடினோசினாக இருக்க வேண்டும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் வட்டமாகச் சுற்றத் தொடங்கினால் இப்படி 190க்குப் போகும். அடினோசின் தனக்கென்று உள்ள ஏ1 வாங்கியில் உட்காரும். அதற்குள்ளேயும் அதே ஜீ.ஐ., அதே பீற்றா-காமா, அதே கேர்க் கதவுதான். நடுக்கணுவின் கலங்களிலிருந்து பொற்றாசியம் வெளியேறி, அவை சில செக்கன் மின்சாரத்தை விடா. வட்டம் அறுந்துவிடும். அந்த நேர்க்கோடு அதுதான். இரத்தத்தில் அடினோசினின் பாதி 10 செக்கனுக்குள் மறைந்துவிடும், அதனால்தான் உடனே திரும்பியது. சாகப்போகிறோம் என்ற உணர்வு இந்த ஊசிக்குப் பலருக்கும் வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஊசி போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு சொல் போதும். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தாலோ தியோபிலின் குளிசை எடுத்தாலோ அடுத்த கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: ராத்திரி எட்டு மணிக்குச் சாயத்தண்ணி குடித்தால் எனக்கு விடியும் வரை தூக்கமில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு கோப்பை குடித்துவிட்டுக் குறட்டை விடுகிறார். நாங்கள் பறிக்கிற கொழுந்தில் அப்படி என்ன இருக்கிறது?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: அக்கா, மேலே அட்டன் வாசகிக்கு எழுதியதைத் தொடர்ந்து வாசியுங்கள். அதே அடினோசின் மூளையிலும் இருக்கிறது. நாள் முழுக்க விழித்திருந்து வேலை செய்யச் செய்ய அது சேர்ந்துகொண்டே வரும். நரம்புக் கலங்களின் ஏ1 வாங்கியில் உட்கார்ந்து கேர்க் கதவைத் திறந்து அவற்றை அமைதிப்படுத்தும். வேறொரு வகை வாங்கி வழியாகவும் தூக்கத்தைக் கொண்டுவரும். கொழுந்தில் இருக்கும் கஃபீன், அடினோசினின் கதிரையில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்காரும், ஆனால் வாங்கியைத் தட்டாது. அடினோசின் வாசலில் நிற்கும், கஃபீன் அதை உள்ளே விடாது.

ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் 30 முதல் 50 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும். அதில் பாதி உடம்பைவிட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணித்தியாலம். ஈரல் அதை உடைக்கும் வேகம் ஆளுக்காள் பிறப்பிலேயே வேறு, சிகரட் பிடிப்பவர்களில் இன்னும் வேகம். நாளுக்கு ஏழெட்டுக் கோப்பை குடித்துப் பழகிய உடம்பும் அதற்குத் தக்கபடி மாறிக்கொள்ளும். உங்கள் வீட்டுக்காரர் குறட்டை விடுவதற்கு இவற்றில் ஒன்றோ பலவோ காரணமாக இருக்கலாம். நீங்கள் பின்னேரம் நாலு மணியோடு நிறுத்திப் பாருங்கள்.

தியோபிலின் என்று மேலே சொன்னேனே, ஆஸ்துமாக் குளிசை, அதை முதன்முதல் பிரித்தெடுத்ததும் தேயிலையிலிருந்துதான். 1888இல், அல்பிரெக்ட் கோசல் என்ற ஜெர்மானியர். கோப்பையில் அது அணுவளவுதான். பெரட்டுக்கு நின்று, அட்டை கடிக்கக் கடிக்க மழையில் பறித்த நம் தாய்மாரின் கூடையில் இதய டொக்டரும் மூளை ஆராய்ச்சியாளரும் தேடுகிற பொருள் இருந்தது என்பதை நம் பிள்ளைகள் பாடசாலையில் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எந்த வகுப்பிலும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை நான்.

கேள்வி: அக்காவுக்கு 34 வயதில் பிரஷர். மூன்று குளிசைக்கும் இறங்கவில்லை, இரத்தத்தில் பொற்றாசியம் குறைவு. பிறகு சிறுநீரகத்துக்கு மேலிருந்த சிறிய கட்டியை எடுத்தார்கள், பிரஷர் இறங்கியது. வாழைப்பழம் சாப்பிடாததால் வந்ததா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: இல்லை. வாழைப்பழத்தை விடுங்கள். அந்தக் கட்டி அல்டொஸ்தெரோன் என்ற ஹோர்மோனை அளவுக்குமேல் சுரந்திருக்கும். அது உப்பைத் தேக்கி, பொற்றாசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும். 1955இல் ஜெரோம் கொன் விவரித்த நோய் இது.

இந்த மாதக் கேள்விகளோடு இது சேருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2011இல் இப்படிப்பட்ட கட்டிகள் பலவற்றில் ஒரே பரம்பரையலகில் பிழை இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இதயத்தில் இருக்கிறது என்றேனே, அந்தக் கேர்க்4க்கு உரிய பரம்பரையலகுதான். கால்வாயின் நடுவில் பொற்றாசியத்தை மட்டும் விட்டு சோடியத்தை மறிக்கும் மிக ஒடுக்கமான இடம் உண்டு. பொற்றாசியம் தன் நீர்ப் போர்வையைக் கழற்றினாலும் அங்கே சுவரிலிருக்கும் ஒட்சிசன்கள் சரியான தூரத்தில் நின்று அணைத்துக்கொள்ளும். சோடியம் அதைவிடச் சிறியது, அந்த அணைப்பு அதற்கு எட்டாது. இந்த அமைப்பை 1998இல் கண்ணுக்குக் காட்டியதற்கு ரொடெரிக் மக்கின்னனுக்கு 2003இல் நோபல் கிடைத்தது. அக்காவின் கட்டி போன்றவற்றில் பிழை அந்த ஒடுக்கத்தில் அல்லது அதற்கு அருகில் வருகிறது. சோடியம் உள்ளே கசிகிறது, கலம் ஓய முடியாமல் கல்சியத்தை உள்ளே எடுத்து, ஹோர்மோனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. தள்ளாடி நடக்கும் ஒரு வகை எலிக்கும் கேர்க்2இல் இதே இடத்தில் பிழை என்று 1995இல் தெரிந்தது. அதன் சிறுமூளைக் கலங்கள் பிஞ்சிலேயே செத்துப்போகின்றன.

கட்டியில் வந்த பிழை பெரும்பாலும் அந்தக் கட்டியில் மட்டும் இருப்பது, பிள்ளைகளுக்குப் போகாது. உங்களுக்கும் சிறு வயதில் பிரஷர் என்றால் மட்டும் டொக்டரிடம் அக்காவின் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜீ புரதத்தில் ‘ஜீ’ என்றால் என்ன?
- மாணவன், மஸ்கெலியா

பதில்: குவானின். மடியில் வைத்திருக்கும் ஜீ.டீ.பீ., ஜீ.ரீ.பீ. இரண்டிலும் இருக்கும் மூலம். கடற்பறவை எச்சமான குவானோவிலிருந்து முதலில் எடுத்ததால் அந்தப் பெயர். ஜீ புரதங்களைக் கண்டறிந்ததற்கு கில்மன், ரொட்பெல் இருவருக்கும் 1994இல் நோபல் கிடைத்தது.

கேள்வி: லேவி செய்த தவளை இதயச் சோதனையை எங்கள் விஞ்ஞானக் கழகத்தில் செய்து காட்டலாமா?
- ஆசிரியர், ஹப்புத்தளை

பதில்: வேண்டாம் சேர். நம் மலைகளில் இருக்கும் தவளைகளில் பல வேறெங்கும் இல்லாதவை. பிடிக்கத் தொடங்கினால் பிள்ளைகள் எதைப் பிடித்து வருவார்கள் என்று சொல்ல முடியாது. பாடசாலைக்குக் கீழேயிருந்து படியேறி வரும் பிள்ளைகள் இருப்பார்கள். வாசலில் நிறுத்தி, முதல் நிமிஷம், மூன்றாம் நிமிஷம், ஐந்தாம் நிமிஷம் நாடியை எண்ணச் சொல்லுங்கள். பிறகு உட்காரவைத்து மெதுவாக மூச்சு விடச் சொல்லி மறுபடியும். மணிக்கூடு இல்லாத பிள்ளைக்கு நீங்கள் நேரம் சொல்லுங்கள், எண்ணுவதை அவர்களே எண்ணட்டும். கணக்குகளை எனக்கு அனுப்பினால் அடுத்த இதழில் வகுப்பு வாரியாகப் போட்டு, யாருக்கு வேகஸ் எவ்வளவு விரைவாகத் திரும்பப் பிடித்தது என்று பார்ப்போம்.